இருபது ஹெர்ட்ஸுக்கு எத்தனை பெட்டி?

சினிமா பார்ப்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி. மூன்று வரிசை நாற்காலி, சுவரை நிறைக்கும் திரை. புரொஜெக்டருக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைத் திரையின் பரப்பை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். முன்புறம் வைக்கும் மூன்று ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்துவிடலாம். பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் என்று வரும்போதுதான் பேச்சு நீள்கிறது. 18 அங்குலத்தில் ஒன்று போதும் என்பார் ஒருவர். 12 அங்குலத்தில் நான்கு வாங்கச் சொல்வார் இன்னொருவர். மூடிய பெட்டிதான் சுத்தமாக ஒலிக்கும் என்பது ஒரு கட்சி. துளை வைத்த பெட்டி இல்லாமல் பெரிய அறையில் எதுவும் எடுபடாது என்பது எதிர்க்கட்சி.

இந்த வழக்குக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் ஒரு விடை வைத்திருந்தார்கள்: பெரிய கூம்பு, நல்ல பெட்டி, கூம்பைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று, பல பெட்டிகள், கடைசியாகக் கணினிக் கட்டுப்பாடு. பின்னால் வந்த எந்த விடையும் முந்தையதை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் கேள்வியின் இடம் மெல்ல நகர்ந்திருக்கிறது. எந்தப் பெட்டி என்பதிலிருந்து, அந்தப் பெட்டியை அறை என்ன செய்கிறது என்பதற்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய அறை கட்டுவோர் இந்த நகர்வை அறிந்துகொள்வது, செலவழிக்கும் பணத்துக்கே நல்லது.

பூகம்பத்தில் தொடங்கிய கதை

1974-இல் யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்குவேக்' படத்தை வெளியிட்டபோது, சென்சரவுண்ட் என்ற அமைப்பைத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. நிலம் நடுங்கும் காட்சிகளில் செர்வின்-வேகா நிறுவனத்தின் ராட்சத ஸ்பீக்கர்கள் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை அரங்கு முழுவதும் கொட்டின. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் மேற்கூரைப் பூச்சு உதிர்ந்தால் பிடிப்பதற்கு வலை கட்ட வேண்டியிருந்தது. காதால் கேட்பதற்கும் உடலால் உணர்வதற்கும் இடைப்பட்ட அந்த ஒலிக்கு மக்கள் காசு கொடுப்பார்கள் என்று சினிமா கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்எம் பிரதிகளில் டால்பி நிறுவனம் பேஸ் ஒலிக்கென்றே தனித் தடங்களை ஒதுக்கியது. 1980-களின் பிற்பகுதியில் ஒலிப் பொறியாளர் டாம்லின்சன் ஹோல்மன், டிஜிட்டல் சினிமா ஒலிக்கு ஐந்து முழு சானல்களும் பேஸுக்கு மட்டும் ஒரு சிறு சானலும் போதும் என்று வாதிட்டார். அந்தச் சிறு சானல் முழு அலைவரிசையில் ஒரு துண்டைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் அதற்குப் 'புள்ளி ஒன்று' என்று பெயர் வந்தது, 5.1 பிறந்தது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலிலும், அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸிலும் வந்தபின் அது உலக வழக்கமானது. 2012 டிசம்பரில் வந்த 'சிவாஜி 3டி', டால்பி அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம். அட்மாஸ் வந்து மேலே ஸ்பீக்கர்கள் கூடினவே தவிர, அந்தப் புள்ளி ஒன்று அப்படியே ஒன்றாக நீடிக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து அறை கட்டுபவருக்குக் கிடைப்பது இரண்டு எண்கள். திரையரங்கு அளவுகோலின்படி ஒவ்வொரு முதன்மைச் சானலும் இருக்கையில் 105 டெசிபெல் உச்சம் தொட வேண்டும். பேஸ் சானலோ அதைவிட 10 டெசிபெல் மேலே, 115 வரை போகலாம். வீட்டு அமைப்பில் மற்ற ஸ்பீக்கர்களின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியும் சப்வூஃபருக்கே திருப்பி விடப்படுகிறது. ஹோல்மன் உருவாக்கிய டிஹெச்எக்ஸ் தரம் பரிந்துரைத்த எல்லை அது. ஆகவே சுமை இன்னும் கூடுகிறது. வீட்டில் அந்த முழு அளவில் படம் பார்ப்பவர்கள் குறைவு. 5 முதல் 10 டெசிபெல் குறைத்து வைப்பதே பரவலான பழக்கம். அப்படியும் இலக்கு சிறியதன்று.

காற்றுக் கணக்கு

முதல் விடை மிக எளியது: காற்றைத் தள்ளு. ஒரே சத்த அளவை வைத்துக்கொண்டு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால், கூம்பு தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகிறது. 40 ஹெர்ட்ஸில் சிரமமில்லாமல் ஆடும் கூம்பு, 20-இல் நான்கு மடங்கும் 10-இல் பதினாறு மடங்கும் நகர வேண்டும். பேஸ் பற்றிய எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இதுதான்.

எண்ணில் பார்க்கலாம். திறந்தவெளியில் தரைமேல் வைத்த ஒரு பெட்டி, 1 மீட்டர் தூரத்தில், 20 ஹெர்ட்ஸில் 115 டெசிபெல் தர வேண்டுமானால் அதன் கூம்பு ஒரு பக்கமாகச் சுமார் 5 லிட்டர் காற்றை இடம்பெயர்க்க வேண்டும். நல்ல 12 அங்குலக் கூம்பின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். 15 மில்லிமீட்டர் முன்னேறினால் அது தள்ளுவது முக்கால் லிட்டர். 1200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள 18 அங்குலக் கூம்பு 20 மில்லிமீட்டர் நகர்ந்தால் 2.4 லிட்டர். அதாவது அந்த இலக்குக்கு 12 அங்குலத்தில் ஏழு தேவை. 18 அங்குலத்தில் இரண்டுக்குச் சற்றுக் கூடுதல். இருக்கை 4 மீட்டர் தள்ளியிருந்தால் திறந்தவெளிக் கணக்கில் இன்னும் 12 டெசிபெல் குறையும். அதில் ஒரு பகுதியைச் சுவர்கள் திருப்பித் தரும். எவ்வளவு என்பது அறைக்கு அறை மாறும்.

'பெரிய கூம்பு' கட்சியின் பலம் இந்தக் கணக்கு. இதை யாரும் மறுக்க முடியாது, சுற்றிப்போகத்தான் முயன்றிருக்கிறார்கள். 1954-இல் எட்கர் வில்ச்சர் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் எடுத்துக் காட்டினார். கேஎல்ஹெச் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவரான ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு 'இரும்பு விதி' வழங்கிவருகிறது: ஆழம், சிறிய பெட்டி, குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். 1990-களில் பாப் கார்வர் தமது சன்ஃபயர் சப்வூஃபரில் 11 அங்குலக் கனசதுரத்துக்குள் பெரும் மின்திறனைச் செலுத்தி உலகை வியக்கவைத்தார். அவரும் விதியை மீறவில்லை. மூன்றாவதை விலையாகக் கொடுத்து முதலிரண்டை வாங்கினார்.

பெரிய தனி அறை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வரவேற்பறை ஓரத்தில் பெட்டியை ஒளிக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. சிறிய பெட்டிக்கான கூடுதல் விலையை அவர் கொடுக்க வேண்டியதில்லை.

வாட் எண்ணை நம்பி வாங்குவது வேறொரு பொறி. டூ-இன்-ஒன் காலத்தில் ஸ்பீக்கர்மேல் ஒட்டியிருந்த பிஎம்பிஓ எண்கள் நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபெல்தான். கூம்பு தன் எல்லையைத் தொட்டபின் அதுவும் இல்லை. வாய்ஸ் காயில் சூடேறி மின்தடை உயர்ந்தால் இன்னும் குறையும். டான் கீல் என்ற பொறியாளரின் உழைப்பில் உருவாகி 2006-இல் வந்த சிஇஏ-2010 தரம் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. குறுகிய ஒலித்துடிப்புகளை விட்டு, திரிபு ஓர் எல்லையைத் தாண்டும் முன் 20, 25, 31.5, 40 ஹெர்ட்ஸ் என ஒவ்வொன்றிலும் எத்தனை டெசிபெல் வருகிறது என்று அது அளக்கிறது. ஒரு மாடலுக்கு இந்த அளவீடு கிடைத்தால், விளம்பரத் தாளில் உள்ள மற்ற எண்களை மறந்துவிடலாம்.

திரிபை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? காரணம் காதில் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸில் 78 டெசிபெல் அளவுக்கு வந்த பிறகே நமக்குக் கேட்கவே தொடங்கும். அங்கே 100 டெசிபெல் என்பது, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் சத்தம்போல மெல்லியதாகத்தான் படும். அந்த 20 ஹெர்ட்ஸ் ஒலியில் 10 சதவீதம் திரிந்து 60 ஹெர்ட்ஸ் துணையொலியாக வந்தால் அதன் அளவு 80 டெசிபெல். காது அந்த இடத்தில் அவ்வளவு கூர்மையானது என்பதால், துணையொலி மூல ஒலியைவிடப் பலமாகக்கூடக் கேட்கலாம். மலிவுச் சப்வூஃபர்கள் பல, தாழ்ந்த ஒலியைத் தருவதாகத் தோன்றுவது இந்தத் துணையொலியால்தான். அதைக் களையவே கூம்பின் அசைவை உணர்வியால் அளந்து கணந்தோறும் திருத்தும் சர்வோ முறை எழுந்தது. 1983-இல் டேவிட் ஹால் தொடங்கிய வெலோடைன் அதில் பேர்பெற்றது. ஆனால் சர்வோ கூம்பின் நடையைத் திருத்தும். அதன் எல்லையை நீட்டாது.

மூடிய பெட்டியும் துளைப் பெட்டியும்

வாய் குறுகிய செம்பின் விளிம்பில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட தொனி எழும். 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த அதே ஒத்ததிர்வுதான் துளைப் பெட்டியின் தத்துவமும். பெட்டியில் பொருத்திய குழாயிலுள்ள காற்று, குறித்த அதிர்வெண்ணில் கூம்புக்குப் பதில் தானே ஒலியெழுப்பும்; கூம்பு ஏறத்தாழ அசையாமல் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய ஆய்வுகள் இந்தக் கணக்கை ஊகத்திலிருந்து பொறியியலாக மாற்றின. இன்றும் எந்த ஸ்பீக்கரின் விவரத்தாளிலும் அவர்கள் இருவர் பெயராலான அளவைகள் இருக்கும்.

துளைப் பெட்டி தன் அதிர்வெண்ணுக்கு அருகில், அதே கூம்புள்ள மூடிய பெட்டியைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஒலியழுத்தம் தரக்கூடும். விலை என்னவென்றால், அதற்குக் கீழே ஒலி, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் 24 டெசிபெல் வீதம் சரிகிறது. தாங்கும் காற்று இல்லாமல் கூம்பும் கட்டுக்கடங்காமல் ஆடும். மூடிய பெட்டி 12 டெசிபெல் வீதம் நிதானமாகச் சரிகிறது. இங்கேதான் மூடிய பெட்டிக் கட்சி தன் வலுவான வாதத்தை வைக்கிறது. இறுக்கமாக அடைத்த அறையில், அறையின் மிகத் தாழ்ந்த இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே, காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிவதால் ஒலியழுத்தம் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வரை உயரலாம். பெட்டியின் சரிவை அறையின் ஏற்றம் ஈடுகட்ட, 10 ஹெர்ட்ஸ் வரை சமமாக இறங்கலாம் என்பது அந்த வாதம்.

வாதம் சரி. ஆனால் எந்த அறையில் என்று கேட்க வேண்டும். 12 அடி நீள அறையின் முதல் இயல்பு அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அறையின் உதவி தொடங்கிவிடும். நாம் எடுத்துக்கொண்ட 30 அடி அறையிலோ அது 19 ஹெர்ட்ஸ். படங்களின் கனமான காட்சிகள் பெரும்பாலும் நடமாடும் 20 முதல் 35 ஹெர்ட்ஸ் வரையில் அந்த உதவி வந்து சேராது. சிறிய அறையில் மூடிய பெட்டியைக் கேட்டு மகிழ்ந்தவர் அதே பெட்டியைப் பெரிய அறையில் வைத்து ஏமாறுவது இதனால்தான். எண்ணிக்கை ஒன்றேயானால் பெரிய அறையில் 16 முதல் 20 ஹெர்ட்ஸ் அளவில் அமைத்த துளைப் பெட்டிக்கே தராசு சாய்கிறது. மூடிய பெட்டியைத்தான் விரும்புகிறவர் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து வைப்பதை அனுபவமுள்ளோர் தவிர்ப்பார்கள். துளையின் அதிர்வெண்ணுக்கு அருகில் இரண்டின் அலைக் கட்டமும் (ஃபேஸ்) பிரிந்து, ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஹார்ன் முறை இன்னொரு பழைய கிளை. பால் கிளிப்ஷ் 1940-களில் அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கினார். டாம் டான்லி பின்னாளில் உருவாக்கிய வடிவங்கள் குறைந்த மின்திறனில் பெரும் சத்தம் எழுப்புகின்றன. 20 ஹெர்ட்ஸுக்கு ஹார்ன் என்றால் அலமாரி அளவுக்கு இடம் வேண்டும். இடம் இருக்கும் அறையில் இதைப் பரிசீலிக்கலாம், பெரும்பாலோர் பரிசீலிப்பதில்லை.

'வேகமான' பேஸ்

சிறிய கூம்பு வேகமானது, பெரியது மந்தமானது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மிருதங்கத்தின் இடந்தலை கச்சிதமாக விழ 10 அங்குலம், குண்டு வெடிக்க 18 அங்குலம் என்று பிரித்துப் பேசுவோர் உண்டு. இயற்பியல் இதற்கு அதிகம் இடம் தரவில்லை. 80 ஹெர்ட்ஸில் வெட்டப்பட்ட ஒலிக்குள் 'வேகம்' அந்த வெட்டாலேயே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. கூம்பின் எடையைவிடக் காயிலின் மின்தூண்டல்தான் மேல்முனையைக் கட்டுப்படுத்துகிறது. பேஸ் இழுபட்டுக் கேட்டால் பெரும்பாலும் அறை இழுக்கிறது என்று பொருள்: கூம்பு நின்ற பிறகும் 30 அல்லது 50 ஹெர்ட்ஸில் காற்று ஆடிக்கொண்டே இருக்கிறது. துளைப் பெட்டி தன் அதிர்வெண்ணில் சிறு தாமதம் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அது 20 ஹெர்ட்ஸுக்கு அருகில் அமைந்தால், காதுக்கு எட்டுமா என்பது ஐயத்துக்குரியது.

அறை எடுத்துக்கொள்ளும் பங்கு

எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அறையின் ஆதிக்கம் தொடங்குகிறது என்பதற்கு மான்ஃபிரெட் ஷ்ரோடர் தந்த வாய்ப்பாட்டை 170 கன மீட்டர் கொண்ட நம் அறைக்குப் போட்டுப் பார்த்தால், எதிரொலிப்பு நேரம் 0.4 விநாடி என்ற கணக்கில், விடை 100 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அதற்குக் கீழே நாம் கேட்பது ஸ்பீக்கரைவிட அறையைத்தான். சப்வூஃபரின் எல்லை முழுவதும் அதற்குள் அடக்கம்.

சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலை அலைகளாகின்றன. நீளவாக்கில் 19 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 28, உயரவாக்கில் 56. இவற்றின் மடங்குகளும் உண்டு. அங்கேதான் இந்த அறையின் குற்றம் தெரிகிறது. நீளத்தின் மூன்றாம் மடங்கு 56. அகலத்தின் இரண்டாம் மடங்கும் 56. உயரத்தின் முதலாவதும் 56. அடிக்கணக்கில் முழு எண்ணாக அறை போடும் வழக்கம், 30-20-10 என்று காதுக்கு இனிமையாக அமைந்து, மூன்று அதிர்வுகளை ஒரே இடத்தில் குவித்துவிடுகிறது. இதைத் தவிர்க்க நல்ல விகிதங்களை ரிச்சர்ட் போல்ட் 1946-இலேயே வரைந்து காட்டினார். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் போன்றோர் விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறார்கள். எந்த அதிர்வு எவ்வளவு எழும் என்பதை ஸ்பீக்கரும் இருக்கையும் எங்கே இருக்கின்றன என்பதும் தீர்மானிக்கிறது. அவர்கள் சொல்வது நியாயமே. ஆயினும் சுவர் எழும்பும் முன் ஓர் அடியை நகர்த்துவதற்குச் செலவு இல்லை. எழும்பிய பின் உண்டு.

பஞ்சுப் பலகை ஒட்டினால் போதாதா என்றால், 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். நுண்துளைப் பொருளால் அதை விழுங்க, கால் அலைநீளமான 4 மீட்டருக்குமேல் தடிமன் வேண்டியிருக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மேல் மூலைகளில் தடித்த கனிமக் கம்பளி ஓரளவு உதவும். அதற்குக் கீழே வேறு வழிதான் தேட வேண்டும்.

ஒன்றும் நான்கும்

அந்த வேறு வழியை அளந்து நிறுவியவர் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி. 2002-இல் அவர் வைத்த கேள்வி மிக நேரடியானது: எத்தனை சப்வூஃபர் போதும்? செவ்வக அறைகளில் பல அமைப்புகளைக் கணினியிலும் அளவீட்டிலும் ஒப்பிட்டு, இருக்கைக்கு இருக்கை ஒலி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் வேறுபாடு மிகக் குறைந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பது அதற்கு அருகில் வந்தது. நான்குக்கு மேல் போவதில் குறிப்பிடத்தக்க ஆதாயம் தென்படவில்லை.

ஏன் என்பதை நம் அறையிலேயே பார்க்கலாம். 28 ஹெர்ட்ஸில் இடச்சுவரில் அழுத்தம் ஏறும்போது வலச்சுவரில் இறங்கும். இரு சுவர்களிலும் ஒரே கட்டத்தில் தள்ளும் பெட்டிகள் இருந்தால், ஒன்று எழுப்புவதை மற்றொன்று அணைத்துவிடும். 38 ஹெர்ட்ஸில் முன்சுவரும் பின்சுவரும் ஒரே பக்கம் போக, நீளத்தின் நடுப்பகுதி எதிர்ப்பக்கம் போகும். நான்கு சுவர் அமைப்பில் முன்பின் பெட்டிகள் எழுப்புவதைப் பக்கவாட்டுப் பெட்டிகள் அடக்குகின்றன. இங்கே சப்வூஃபர் சத்தத்தைக் கூட்டுவதோடு அறையின் குறும்பையும் கட்டுகிறது. மூன்று வரிசை போட்ட அறையில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே படம் கேட்க வேண்டும் என்பவருக்கு, ஒற்றைப் பெட்டி எவ்வளவு பெரியதானாலும் இதைச் செய்து தராது.

இந்த நிலைப்பாட்டுக்கும் பலவீனம் உண்டு. அணைப்பது என்றால் ஒலியை இழப்பது. நான்கு மூலைகளில் வைத்தால் சமநிலை சற்றுக் குறைந்தாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் சத்தம் கணிசமாகக் கூடும். பெரிய அறைக்கு அது சிறிய சலுகையன்று. நடைமுறையில் பின்சுவரின் நடுவில் கதவு இருக்கும், பக்கச்சுவரின் நடுவில் நடைபாதை இருக்கும். மேலும் வெல்டியின் கணக்குகள் செவ்வக அறைக்கு உரியவை. ஒரு பக்கம் திறந்த அறைக்கும் எல் வடிவ அறைக்கும் அவை அப்படியே பொருந்தா. ஒலியியலாளர் ஏர்ல் கெட்டிஸ் இதனால் மாற்றுவழி சொன்னார்: மூன்று அல்லது கூடுதல் பெட்டிகளை ஒழுங்கற்ற இடங்களில், ஒன்றை மூலையிலும் முடிந்தால் ஒன்றை உயரத்திலும் வைத்து, ஒவ்வொன்றாக அளந்து சேர்ப்பது. அவர் முறை எந்த வடிவ அறைக்கும் நெகிழும். ஆனால் அளக்கத் தெரிந்த கை வேண்டும்.

கணினி வந்த பிறகு

ஓர் அளவீட்டு மைக்கும், ஜான் மல்கேஹி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் இன்று யாருக்கும் கிட்டும். தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட ஆடிஸி, சுவீடனின் டிராக் ஆகியவை ரிசீவருக்குள்ளேயே திருத்தம் செய்கின்றன. இவற்றை நம்புவோர் பெட்டித் தேர்வைப் பெரிதாக எண்ணுவதில்லை. எல்லாம் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். பாதி உண்மை. மேடுகளைக் குறைக்கலாம், அத்துடன் அந்த அதிர்வெண்ணின் இழுவையும் குறையும். பள்ளத்தை நிரப்ப முடியாது. ஓர் இடத்தில் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன என்றால், சத்தத்தைக் கூட்டும்போது இரண்டும் சேர்ந்தே கூடும். அழிவு அப்படியே இருக்கும், ஆம்ப்ளிஃபையர் மட்டும் களைக்கும்.

இன்னும் துணிவான வழியை டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் செலஸ்டினோஸும் நீல்சனும் 2008-இல் எழுதினார்கள். முன்சுவரில் அடுக்கிய பெட்டிகள் ஒரே தட்டையான அலையை அனுப்ப, அது பின்சுவரை அடையும் கணத்தில் அங்குள்ள பெட்டிகள் தலைகீழ் ஒலி தந்து அதை விழுங்கும். அலை திரும்பாததால் நிலை அலையே உருவாகாது. பேஸ் ஆர்வலர்கள் இரட்டை அணி என்று அழைப்பது இதைத்தான். டிராக்கின் ஏஆர்டி, டிரினோவின் வேவ்ஃபார்மிங் ஆகிய அண்மைக்கால முறைகள் அதே எண்ணத்தைக் கணினியால் விரிக்கின்றன. முடிவு தெளிவாக இருக்கிறது, கணக்கும் தெளிவாக இருக்கிறது: பாதிப் பெட்டிகள் சத்தம் எழுப்புவதற்கல்ல, சத்தத்தை உண்பதற்கு. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அறை இலவசமாகத் தரும் அழுத்தத்தையும் அவை சேர்த்து உண்டுவிடும்.

செங்கல் அறையின் தனிக்கணக்கு

இந்த இலக்கியத்தின் பெரும்பகுதி வட அமெரிக்காவில் எழுந்தது. அங்கே வீட்டுச் சுவர் என்றால் மரச் சட்டத்தில் அறைந்த ஜிப்சம் போர்டு. அது தாழ்ந்த அதிர்வெண்ணில் மெல்ல நெளிந்து ஒலியின் ஒரு பங்கை விழுங்குகிறது, ஒரு பங்கை வெளியே விடுகிறது. தமிழ்நாட்டின் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் நெளிவதில்லை. ஆகவே ஒரே சப்வூஃபர் இங்கே கூடுதல் சத்தம் தரக்கூடும். அதன் மேடுகள் கூர்மையாகவும் இழுவை நீளமாகவும் இருக்கக்கூடும். அமெரிக்க அறைக்குச் சொன்ன எண்ணிக்கையைச் சத்தத்துக்காக வாங்க வேண்டியதில்லை, சமநிலைக்காக வாங்க வேண்டியிருக்கலாம். சுவருக்கு உள்ளே சற்று இடைவெளி விட்டு, கனிமக் கம்பளி அடைத்த ஜிப்சம் உட்சுவர் எழுப்புவது இழந்த நெளிவை ஓரளவு மீட்டுத் தருகிறது. சென்ட்ரிங் பிரிக்கும் முன்பே இதற்கு அரை அடி ஒதுக்கி வைப்பது நல்லது.

உடலால் உணர்வதிலும் வேறுபாடு உண்டு. மரத் தளம் 20 ஹெர்ட்ஸில் நாற்காலியோடு சேர்ந்து நடுங்கும். மண்மேல் போட்ட கான்கிரீட் தளம் அசையாது. அதே சத்த அளவில் நம் அறையில் 'அடி' குறைவாகத் தோன்றினால் அது சப்வூஃபரின் குறையாக இராது. பின்வரிசைக்கு உள்ளீடற்ற மரமேடை போடுவதோ, நாற்காலிக்கு அடியில் அதிர்வுக் கருவி பொருத்துவதோ அந்த நடுக்கத்தைத் தரலாம். அதையே கூடுதல் சப்வூஃபரில் தேடினால் செலவு பல மடங்கு.

தீராத கேள்விகள்

சான்றுகளை எடைபோட்டால் சில முடிவுகள் ஓரளவு உறுதியானவை. 6000 கன அடி அறைக்கு ஒற்றைச் சப்வூஃபர் பொருந்தாது. 15 முதல் 18 அங்குலத்தில் துளைப் பெட்டி நான்கு, அல்லது மூடிய பெட்டி அதைவிட அதிகம் என்பது காற்றுக் கணக்குக்கும் அறைக் கணக்குக்கும் ஒருசேர ஒத்துவரும் தொடக்கப் புள்ளி. பணத்துக்குத் தட்டுப்பாடு என்றால், முதலில் எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே மாடலில் இரண்டு வைத்து மற்ற இரண்டுக்குக் கம்பியும் இடமும் விட்டுவைப்பது, ஒரே ராட்சதப் பெட்டி வாங்குவதைவிட மேல்.

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது தீரவில்லை. 2014-இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'வின் தொடக்கம் போன்ற சில இடங்களில் அந்த ஆழத்தில் ஒலி இருக்கிறது. புரூஸ் திக்பென் வடிவமைத்த சுழல் வூஃபர், மின்விசிறி போன்ற இதழ்களால் 1 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஆனால் அந்த ஒலி கேட்பவருக்கு எவ்வளவு சேர்க்கிறது, கதவும் ஜன்னலும் கிடுகிடுப்பதில் எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்டிய சோதனைகள் குறைவு.

எவ்வளவு பேஸ் சரியான அளவு என்பதிலும் ஒருமையில்லை. கேட்புச் சோதனைகளில் பலர் சமமான கோட்டைவிடக் கீழ்ப்பக்கம் சற்று உயர்ந்த கோட்டையே விரும்பியிருக்கிறார்கள். எத்தனை டெசிபெல் உயர வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது.

மூன்றாவது கேள்வி மேற்சொன்ன தீர்வையே தொடுகிறது. எல்லாச் சப்வூஃபர்களும் ஒரே ஒலியைத் தருவதால்தான் இருக்கைகள் சமமாகின்றன. லெக்சிகான் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் கிரீசிங்கர், இசையரங்கில் நம்மைச் சூழும் உணர்வு தாழ்ந்த அதிர்வெண்களில் இரு காதுகளுக்கும் இடையே எழும் வேறுபாட்டிலிருந்து வருகிறது, அதை ஒற்றைச் சானல் பேஸ் அழித்துவிடுகிறது என்று நெடுங்காலம் வாதிட்டார். 2004-இல் வெல்டி நடத்திய சோதனையில் ஒற்றைச் சானலுக்கும் இரட்டைச் சானலுக்கும் தெளிவான வேறுபாடு பிடிபடவில்லை. ஆனால் இசைப் பதிவுகளில் பல, பேஸை ஏற்கெனவே நடுவில் குவித்தே வருகின்றன. வேறுபாடு இல்லாத பதிவில் வேறுபாடு கேட்காது. தேவாலய ஆர்கன் பதிவையோ மழைக்காட்டு ஒலிப்பதிவையோ வைத்து, இருக்கைகளின் சமநிலையைக் கெடுக்காமல் இடமும் வலமும் பிரித்துத் தரும் அமைப்பு ஒன்றைக் கணினிக் கட்டுப்பாட்டு முறைகள் இனி முயன்று பார்க்கலாம். 30 அடி அறையில் நான்கு பெட்டிகளையும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் சானலில் இணைத்து வைத்திருப்பவருக்கு அந்த வழி திறந்தே இருக்கும். நான்கையும் ஒரே கம்பியில் கோத்தவருக்கு இராது.